காதில் தண்ணீர் படக்கூடாது

மகள் கல்லூரி விடுதிக்குக் கிளம்பிய வியாழக்கிழமை காலை, பெட்டியை மூடுவதற்கு முன் மேஸ்திரி அதிலிருந்த துண்டுகளை எடுத்து உதறி மறுபடியும் மடித்தார். ஓரங்கள் சேரவில்லையாம். மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் இருபத்திரண்டு வருடமாக மேஸ்திரி. யார் எதிரே வந்தாலும் அவர் கண் முதலில் சட்டைக் காலரில்தான் விழும். "மை கொட்டி ரெண்டு நாள் ஆச்சா? வெந்நீர்ல போட்டுடாதீங்க" என்பார், நலம் விசாரிப்பதற்குப் பதிலாக.

அப்பேர்ப்பட்டவர் வீட்டிலேயே ஓர் அழுக்கு யானை இருந்தது. மகளுக்கு இரண்டு வயதில் வாங்கிய துணிப் பொம்மை. அதன் இடது காதை மூக்கோடு ஒட்டி வைத்தால்தான் அவளுக்குத் தூக்கம் வரும். அவளுக்கு மூன்று வயதானபோது அதைச் சலவைக்கூடத்துக்கு எடுத்துப்போய் இயந்திரத்தில் போட்டுப் பார்த்தார்; அவளும் கூட வந்திருந்தாள். கண்ணாடிக் கதவுக்குள் யானை தலைகீழாகச் சுற்றுவதைக் கண்டு அவள் போட்ட கூச்சலில் மாடி வார்டு நர்ஸ் இறங்கி ஓடி வந்தார். அன்று ஏற்பட்டது ஒப்பந்தம்: வருடத்துக்கு ஒரு தடவை, கையால், அவள் கண்ணெதிரே. காதில் மட்டும் தண்ணீர் படக்கூடாது. காதுக்குப் பாலிதீன் பை மாட்டி, ரப்பர் பேண்டு போட்டு, பதினைந்து வருடம் யானையைக் குளிப்பாட்டினார்.

கிளம்பும்போது மகள் அதைத் தலையணைமேல் உட்கார வைத்தாள். "அங்க கொண்டுபோனா எல்லாரும் சிரிப்பாங்கப்பா" என்றாள்.

வீடு வெறிச்சென்று ஆனது. பத்தாம் நாள் மேஸ்திரிக்குக் கை சும்மா இருக்கவில்லை. விடுமுறைக்கு வரும் பெண் அசந்துபோகட்டும் என்று யானையை வேலைக்கு எடுத்துப்போய், காதோடு சேர்த்து இயந்திரத்தில் போட்டுவிட்டார். சாம்பலாகவே பழகிவிட்ட யானை வெளிர்நீலமாக வெளியே வந்தது. அன்று மாலை அவருக்குப் பெருமை தாங்கவில்லை.

மனைவி வாங்கி முகர்ந்து பார்த்தார். "அவ வரட்டும். உங்களைக் கொடியில காயப்போடுவா."

அப்போதுதான் மேஸ்திரியும் முகர்ந்தார். சோப்பு வாசனை. வேறொன்றும் இல்லை.

அதற்குப் பிறகு மகள் தொலைபேசியில் அழைக்கும்போதெல்லாம் யானையைப் பற்றிக் கேட்டுவிடுவாளோ என்று காத்திருந்தார். அவளோ தேர்வைப் பற்றியும், விடுதிக் குளியலறை வரிசையைப் பற்றியுமே பேசினாள். மறந்திருப்பாள் என்று ஆறுதலாக இருந்தது. அப்படி மறந்துவிடுவாளா என்று ஒரு மாதிரியாகவும் இருந்தது.

ஐந்து மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை செய்தி வந்தது. "அப்பா, யானையை அனுப்பி வைங்க. என் ரூம்ல இருக்கறவ ஒரு கரடியைக் கட்டிப் பிடிச்சுத்தான் தூங்கறா. எனக்கு நம்ம வீட்டு வாசனையே மறந்து போச்சு."

மேஸ்திரி கைபேசியை மனைவியிடம் நீட்டினார். படித்துவிட்டு மனைவி கேட்டார்: "அந்தக் காதுல இருந்தது அவ வாசனை மட்டும்னா நினைச்சீங்க? ஏழு வயசு வரைக்கும் உங்க தோள்லதானே தூங்கினா. காது ரெண்டு பேருக்கும் நடுவுல மாட்டிக்கிட்டுக் கிடக்கும்."

அவர் கைபேசியைத் திரும்ப வாங்கினார். "ஒரு வாரம் ஆகும்மா" என்று மகளுக்குப் பதில் அனுப்பினார். பிறகு சட்டையின் மேல் பொத்தான்களைக் கழற்றி, யானையை உள்ளே இறக்கி, காதைக் கழுத்தோரம் இழுத்துவிட்டு, பொத்தான்களைப் போட்டுக்கொண்டார்.