கல்யாணத்துக்கு எந்த வண்டி?

பசறையில் மரக்கறி ஏற்றும் வேலாயுதம் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவர். கைப்பலத்தால் முன்னுக்கு வந்து, சொந்தமாக லொறி வாங்கிய ஆள். தன் மகள் நிரோஷினி கல்யாணத்தன்று பதுளை மண்டபத்தில் ஏசி காரில்தான் போய் இறங்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். நாலு பேர் பார்க்க வேண்டாமா?

ஒத்திகை பார்க்க வாடகைக் கார் ஒன்றை வரவழைத்துக் குடும்பத்தோடு கிளம்பினார். மலைப்பாதையின் மூன்றாவது வளைவிலேயே நிரோஷினி காரை நிறுத்தச் சொல்லி, இறங்கி வாந்தி எடுத்தாள்.

"கல்யாணச் சேலையோடயும் இதேதாம்பா நடக்கும். நான் நம்ம லொறியிலயே வாறேன். முன்னால காத்தோட்டமா இருக்கும், ஒண்ணும் செய்யாது."

"கோவா, கேரட்டுன்னு மரக்கறி மூட்டை ஏத்துற வண்டியில பொண்ணைக் கொண்டுபோய் எறக்கவா? என் மானம் என்னாகும்?"

மனைவி ரெங்கம்மா சிரித்தாள். "ஊரெல்லாம் அந்த லொறியப் பத்தித்தானே பீத்திக்குவீங்க? இப்ப மட்டும் என்ன வெக்கம்?"

வேலாயுதம் காரை வீட்டுக்குத் திருப்பச் சொன்னார்.

மறுநாள் அவர் லொறியைத் தேய்த்துக் கழுவி, முகப்பில் பூமாலை கட்ட அளவெடுத்துக்கொண்டிருந்தார். பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னார்:

"கார்ல போனா பொண்ணு யாரு கண்ணுக்குத் தெரியும்? இதுல ஒக்காந்தா பதுளை டவுனே அண்ணாந்து பாக்கணும்ல! எல்லாம் என் யோசனைதான்."