மூன்று மைக்கும் அறுபது மூட்டையும்

ஒரத்தநாட்டுக்குப் பக்கத்துக் கிராமத்தில் சேரன் நடத்தும் ஒலிப்பதிவுக் கூடத்தில் மைக்குகள் மொத்தம் மூன்று. டிரம் செட்டில் அடிவாங்கும் உருப்படிகள் ஏழு. குடும்பத்தின் முதல் இன்ஜினியருக்கு இதெல்லாம் ஒரு பொருட்டா? பதினோரு வீடியோ பார்த்துத் தேறிவிட்டான். கிக் டிரம்முக்கு முன்னால் ஒரு மைக், தலைக்கு மேலே இரண்டு. மேலே உள்ள இரண்டும் ஸ்னேர் டிரம்மிலிருந்து சம தூரத்தில் இருக்கவேண்டுமாம். டேப் கிடைக்காததால் வரிசை நடவுக் கயிற்றை எடுத்து, முடிச்சை எண்ணி அளந்தான். நான்கு வருடம் படித்தது வீண்போகவில்லை.

கூடம் என்பது அவன் அப்பா கோவிந்தராசு நெல் போட்டுவைக்கும் கொட்டகை. எதிரொலியை அடக்க மற்றவர்கள் பஞ்சுப் பலகை வாங்குவார்கள். சேரன் சுவரோரமாகச் சம்பா நெல் மூட்டைகளை அடுக்கியிருந்தான். அறுபது மூட்டை. சத்தம் அத்தனை சுத்தம். அவை விற்பதற்கான மூட்டைகள் என்பது மட்டும் அவன் திட்டத்தில் இல்லை.

அன்று வாசிக்க வந்தவன் அவன் கூட்டாளி தௌபீக், கல்யாணக் கச்சேரிகளில் டிரம்ஸ் வாசிப்பவன். தோஹாவில் ஒரு ஹோட்டல் இசைக்குழுவுக்கு ஆள் எடுக்கிறார்கள். ஐந்து நிமிட வாசிப்பு மாலை ஐந்துக்குள் போய்ச் சேரவேண்டும். இரண்டு வருடமாக அவன் காத்திருந்த அழைப்பு.

இரண்டு மணிக்கு முதல் டேக் ஆரம்பித்ததும் கோவிந்தராசு கதவைத் திறந்தார்.

"டோக்கன் வந்துடுச்சு. லாரி நிக்குது. மூட்டைய ஏத்தணும்."

"அப்பா, ரெண்டு மணி நேரம் மட்டும்..."

"கொள்முதல் நெலையத்துல போயி நீயே சொல்லு. எம்மவனுக்குச் செவுரு வேணுமாம், வரிசைய நிறுத்தி வைங்கன்னு."

அரை மணியில் சுவர் லாரியில் ஏறிவிட்டது. தௌபீக் ஒரு தட்டுத் தட்டினான். கொட்டகை நான்காகத் திருப்பிக் கொடுத்தது.

"மாப்ள, இத அனுப்புனா கெணத்துக்குள்ள உக்காந்து வாசிச்சான்னு நெனப்பாங்க."

சேரன் மைக்கை ஏற்றினான், இறக்கினான், பன்னிரண்டாவது வீடியோவைத் தேடினான்.

"தேடாத. ஒன் செவுரு போற எடத்துக்கே நாமளும் போவோம்," என்றான் தௌபீக்.

டிரம் செட்டும் மைக்குகளும் லாரியில் ஏறின.

கொள்முதல் நிலையத்தில் ஏற்கெனவே வாங்கிய மூட்டைகள் ஆள் உயரத்துக்கு மேல் இரண்டு அட்டிகளாக நின்றன. நடுவே ஒரு சந்து. கூரை இல்லை, எதிரொலியும் இல்லை. நெல் தூற்றும் இயந்திரம் மட்டும் இரைந்துகொண்டிருந்தது.

"நாலு மணிக்கு டீ. மிசினு பத்து நிமிசம் நிக்கும்," என்றார் சுமைதூக்கும் துரைராசு. "அதுக்குள்ள அடிச்சுக்க தம்பி. தப்பா அடிச்சா நாளைக்கு நாலு மணிதான்."

ஸ்னேருக்கென்று தனி மைக் இல்லை, மேலே உள்ள மைக்குகளில் சிம்பல்தான் தூக்கலாகக் கேட்கும் என்பதால், சிம்பலைத் தொட்டும் தொடாமலும், ஸ்னேரை ஓங்கியும் அடிக்கச் சொன்னான் சேரன். அன்று அவன் சொன்னதில் உருப்படியானது அது ஒன்றுதான். இயந்திரம் நின்றது. தௌபீக் வாசித்தான். ஒரே டேக். டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் கிளாஸைக் கீழே வைக்க மறந்தார்கள்.

நாலு நாற்பதுக்கு அனுப்பினார்கள். கோவிந்தராசுவின் மூட்டைகள் எடை போட்டு முடிவதற்குள் பதில் வந்துவிட்டது: தேர்வாகிவிட்டான், பாஸ்போர்ட் நகல் அனுப்பவும். தௌபீக் அம்மாவுக்குப் போன் போட்டு, பாஸ்போர்ட்டை எடுத்து வைக்கச் சொன்னான். பதிவு செய்தது யார் என்று தோஹாவில் ஒருவரும் கேட்கவில்லை.

"அவனுக்கு வேல கெடச்சிருச்சா?" என்றார் கோவிந்தராசு.

"ஆமாப்பா."

"அப்ப ஒனக்கு?"

சேரன் ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டான்.