கீழாநெல்லிக்கு இரண்டு தட்டு முட்டை

மூன்று வாரத்துக்கு முன் செரம்பான் பாசாரில், காய்கறிச் சந்தையில், கண்ணில் பட்டவர்களிடமெல்லாம் ஒரே செய்தியைச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஹாங்காங்கில் கோழிகளைக் கூட்டம் கூட்டமாக அழித்தார்களே, அந்தப் பறவைக் காய்ச்சலுக்கு நம் கீழாநெல்லியே போதும்!

காரணம், என் மனைவியின் தங்கை தேவி. பல்கலைக்கழக லேபில் வேலை. நாட்டு மூலிகைகள் ஃப்ளூ கிருமியை அடக்குமா என்று பார்க்க, அவளுடைய புரொபசர் ஒரே ஒரு தட்டு முட்டை கொடுத்திருந்தார். ஆமாம், கோழிமுட்டைதான்... கிருமியை அதற்குள் வளர்த்துச் சோதிப்பார்களாம். நிஜப் பறவைக் காய்ச்சலைத் தொட விடமாட்டார்கள். அதற்கு உறவுமுறையான ஒரு சாதுக் கிருமியைத்தான் கொடுப்பார்கள். இதில் பலன் தெரியாவிட்டால் மூலிகை ஆராய்ச்சியையே மூடிவிடுவார்கள்.

விடுவேனா? சுவா என்ற ஊருக்குப் பக்கத்து எஸ்டேட்டுக்குத் தேவியைக் காரில் அழைத்துப்போய், செம்பனை மரங்களுக்கு நடுவே ஒரு பை நிறையக் கீழாநெல்லி பறித்துக் கொடுத்தேன். பத்தாம் நாள் போன் வந்தது. முட்டைக்குள் கிருமி வளரவே இல்லை! அன்றைக்குத்தான் பாசாரில் என் பிரசங்கம்.

முறுக்குப் பொட்டலத்தோடு நானும் தேவியும் எஸ்டேட்டுக்கு நன்றி சொல்லப் போனோம். அங்கே களைக்கொல்லி அடிக்கும் புஷ்பம், எங்கே பறித்தோம் என்று விசாரித்தார். இடத்தைக் காட்டினேன். அவர் முகம் மாறியது.

“அண்ணே, அங்க அன்னிக்குக் காலையிலதான் ராச்சுன் அடிச்சோம். வாடுறதுக்குள்ள பறிச்சிட்டீங்க போல.”

ராச்சுன் என்றால் களைக்கொல்லி விஷம். விஷத்தில் குளித்த இலையையா கொண்டுபோய்க் கொடுத்தேன்? யாருக்குத் தெரியப்போகிறது என்று தேவியிடம் மெல்ல இழுத்துப் பார்த்தேன் — வெட்கமாகத்தான் இருக்கிறது.

“கொன்னது இலையா, ராச்சுனான்னு எனக்கே தெரியல மாமா. அப்புறம் எப்படி மருந்துன்னு சொல்லுவேன்?”

மறுநாள் அவளே போய் புரொபசரிடம் சொல்லிவிட்டாள். முதலில் கடுகடுத்தவர், பிறகு இன்னொரு தட்டு முட்டை கொடுத்தார். இதுதான் கடைசி என்றாராம். இம்முறை புஷ்பம் தன் வீட்டுக்குப் பின்னால், விஷம் படாத இடத்தில் தானே பறித்துத் தந்தார்.

நேற்று மறுபடியும் போன். முதல் மணியிலேயே எடுத்தேன்.

“கொஞ்சம் அடங்கியிருக்கு மாமா. கொஞ்சம்தான். ஆனா ஆராய்ச்சியைத் தொடரலாம்னுட்டாரு.”

ரிசீவரைக் கையில் வைத்துக்கொண்டே குதித்தேன். முட்டையில் அடங்கியதற்கும் மனிதனைக் குணமாக்குவதற்கும் நடுவே எத்தனை வருஷமோ... இனி பாசாரில் அதையும் சேர்த்துத்தான் சொல்லவேண்டும். இருக்கட்டும்!

‘கொஞ்சம்’ என்ற ஒற்றைச் சொல்லுக்குப் பாயாசம் வைத்த வீடு எங்களுடையதாகத்தான் இருக்கும்.