சிங்கப்பூர் டிக்கெட்டில் பினாங்கில் இறங்கிய ரஞ்சிதம் டீச்சர்

ரஞ்சிதம் டீச்சர் போய்விட்ட செய்தியை, எங்கள் தெருவுக்குப் பால் ஊற்றுகிறவர்தான் கொண்டுவந்தார். "டீச்சரம்மா, நம்ம கணக்கு டீச்சர் பூட்டாங்கம்மா. காத்தால எய்ந்திரிக்கவே இல்ல" என்றார். பாத்திரத்தை அப்படியே வைத்துவிட்டு ஓடினேன். அன்று மாலை தாம்பரம் கல்லறைத் தோட்டத்து வாசலில் நான் நடந்துகொண்டதை உங்களில் பலர் பார்த்தீர்கள். கூடுவாஞ்சேரியிலிருந்து மாலையோடு வந்த சாமுவேலைத் தடுத்து, "முதல் மண் போடுற உரிமை உனக்கு இல்ல. தள்ளி நில்லு" என்றேன். சாவுக்கு வந்தவரிடம் இப்படியா என்று முகம் சுளித்தீர்கள். சுளித்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

சாமுவேல் ரஞ்சிதம் டீச்சருடைய கணவர். கல்யாணமான மறு வருஷமே வேலைக்காகப் பினாங்கு போனவர். மனைவி அங்கே போய் இறங்க வேண்டுமானால், தன் பொறுப்பு என்று கணவன் அந்த ஊரில் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். அது இல்லாமல் கப்பல் ஏஜென்ட் பினாங்கு டிக்கெட்டே தரமாட்டார். அடுத்த கப்பலுக்குள் போட்டுவிடுகிறேன் என்று எழுதிக்கொண்டே இருந்தார் சாமுவேல். கப்பல்கள் போயின. எங்கள் பள்ளி ஆசிரியைகள் அறையில் "இன்னும் கூப்பிடலையா?" என்ற கேள்விக்கு, கரும்பலகைத் துணியை உதறிக்கொண்டே ரஞ்சிதம் அக்கா வகுப்புக்குப் போய்விடுவார்.

அறுபதுகளின் கடைசியில், பினாங்கிலிருந்து விடுமுறைக்கு வந்த சபைக்காரர் ஒருவர் என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார். மனைவி அம்மை கண்டு செத்துப்போனாள் என்று அங்கே சொல்லிவிட்டு, மே மாதம் வேறு பெண்ணைக் கட்டப்போகிறாராம் சாமுவேல். இதை அக்காவிடம் சொல்லும்போது எனக்குத்தான் அழுகை வந்தது. அவர் கேட்டது ஒன்றுதான்: "ஓலை என்னென்னிக்கு வாசிக்கிறாங்க?" கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஆராதனையில் மணமக்கள் பெயரை வாசித்து, ஆட்சேபம் இருந்தால் சொல்லச் சொல்வது எங்கள் சபைகளின் வழக்கம். யாரும் எழுந்து சொல்லி நான் பார்த்ததில்லை.

அப்போதிருந்த போதகர், மன்னித்து விட்டுவிடும்படி புத்தி சொன்னார். "மன்னிக்கிறது கர்த்தரோட வேலை ஐயா. நான் கணக்கு டீச்சர்" என்றார் அக்கா. பினாங்குக்கு டிக்கெட் கிடைக்காது. ஆனால் சிங்கப்பூர் அதற்குள் தனி நாடாகியிருந்தது. அங்கே சட்டம் வேறு, கையெழுத்துப் போட என் அண்ணன் இருந்தார். சிங்கப்பூர் கப்பல் போகிற வழியில் பினாங்கில் நிற்கும். நிற்கிற நேரத்தில் பயணிகள் கரைக்குப் போய்ச் சுற்றிவிட்டு வரலாம். பேப்பரில் கப்பல் விளம்பரங்களைப் பார்த்து, ஞாயிறு காலையில் பினாங்கு சேருகிற கப்பலாக அக்கா பொறுக்கினார். "பொறுத்தார் பூமி ஆள்வார்னு சொல்வாங்க. எனக்குப் பூமியெல்லாம் வேணாம் சுசீ. ஒரு காலை நேரம் போதும்" என்றார் என்னிடம்.

கோடை விடுமுறையில் இருவரும் கப்பல் ஏறினோம். நாகப்பட்டினத்தில் படகில் வந்து ஏறியவர்களில் பாதிப் பேருக்குப் பினாங்கு டிக்கெட். கணவன் காத்திருக்கிறான் என்று பூ வைத்துக்கொண்டு வந்த பெண்களை அக்கா பார்த்துக்கொண்டே இருந்தார். நான் வாந்தியெடுத்துக்கொண்டு கிடந்தேன். பினாங்கு வந்த காலை கண் விழித்தபோது, அக்கா தன் கல்யாணப் பட்டை உடுத்தித் தயாராக உட்கார்ந்திருந்தார்.

கப்பலுக்குள் வந்த இமிகிரேஷன் அதிகாரி ஒரு தமிழர். பாஸ்போர்ட்டில் கணவர் பெயரைப் பார்த்தார், விசாரித்தார், தலையை ஆட்டிவிட்டார். "புருஷன் இந்த ஊர்ல இருக்கார்னா, இறங்கின நீங்க திரும்பி வரமாட்டீங்கம்மா. இப்படித்தான் எத்தனையோ பேர். விட முடியாது." அக்கா குரலை உயர்த்தவில்லை. "பாஸ்போர்ட்டும் பெட்டியும் உங்ககிட்டயே இருக்கட்டும் சார். அவரோட இருக்கிறதுக்கு நான் வரலை. அவர் கல்யாணத்தை நிறுத்த வந்திருக்கேன்." அவர் அக்காவையும் பட்டுப்புடவையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கரைக்குப் போகும் சீட்டில் முத்திரை குத்தி, "எந்தக் கோயில்? வழி தெரியுமா?" என்று கேட்டார்.

நாங்கள் சபைக் கோயிலுக்குள் நுழைந்தபோது பாட்டு முடிந்து ஓலை வாசிக்கத் தொடங்கியிருந்தார்கள். முன் வரிசையில் கோட் போட்டு உட்கார்ந்திருந்தார் சாமுவேல். ஆட்சேபம் உண்டா என்று கேட்டதும் அக்கா எழுந்தார். "இருக்கு ஐயா. அவர் செத்துட்டாங்கன்னு சொன்ன மனைவி நான்தான்." சாமுவேல் திரும்பிப் பார்த்த முகத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சோறு இறங்குகிறது. பெண்ணின் தகப்பனார் அவருடைய கோட்டைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு போனார். கோயிலில் சிரிக்கக் கூடாது என்று கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டேன்.

நாங்கள் துறைமுகம் வந்து சேர்வதற்குள் சாமுவேலும் மூச்சிரைக்க ஓடிவந்துவிட்டார். சபையில் இனித் தலைகாட்ட முடியாதே! "ரஞ்சிதம், நாளைக்கே கையெழுத்துப் போட்டுடறேன். இங்கேயே இருந்துடு" என்று கெஞ்சினார். அத்தனை வருஷம் அக்கா காத்திருந்த கையெழுத்து. ஒத்துக்கொண்டுவிடுவாரோ என்று ஒரு கணம் எனக்குப் பயமாகவே இருந்தது. அக்கா அந்த முத்திரை குத்திய சீட்டை எடுத்து அவர் கண்முன் நீட்டினார். "எனக்கு இந்த ஊர்ல தங்க அனுமதி இல்லீங்க. டிக்கெட் சிங்கப்பூருக்கு" என்று சொல்லிவிட்டுக் கப்பல் ஏறினார். சாமுவேல் அங்கேயே நின்றதை நான்தான் திரும்பித் திரும்பிப் பார்த்தேன்.

பின்னாளில் அங்கே வேலை பெர்மிட்டைப் புதுப்பிக்காமல் சாமுவேலைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். கூடுவாஞ்சேரியில் வந்து உட்கார்ந்தார். எத்தனையோ தரம் அக்கா வீட்டு வாசலில் வந்து நின்றிருக்கிறார். கதவு திறந்ததில்லை.

போன வாரம் இப்போதைய போதகர் வந்து, "போனவங்க மன்னிச்சிருப்பாங்க. நீங்க விடக் கூடாதா?" என்றார். அக்கா மன்னிக்கவில்லை. கடைசிவரை கூட இருந்த எனக்கு அது தெரியும். அவர் மன்னிக்காத ஆளை மன்னிக்க நான் யார்? அவருடைய புடவைகளையும் புத்தகங்களையும் உறவினர்கள் எடுத்துப்போகட்டும். எனக்கு அவருடைய கோபம் போதும். சாமுவேல் இருக்கிறவரை அதை நான் ஆறவிட மாட்டேன்.