டெம்பரவரியாக நட்ட கல்

ஈரச் சுண்ணாம்பு வாசனை எங்கே வந்தாலும் எனக்கு நகரி பக்கத்து வெயில் ஞாபகம் வந்துவிடும்...

ஆந்திரா தனி மாநிலமாகி, எந்த ஊர் எந்தப் பக்கம் என்று அளந்துகொண்டிருந்த காலம். சர்வே கூட்டத்தில் நான் டெம்பரவரி ஆள். அளவுச் சங்கிலி பிடிப்பது, எல்லைக் கல் நடுவது, அதற்கு வெள்ளையடிப்பது.

வேடிக்கை என்னவென்றால், வேகமாகக் கல் நட்டால் வேகமாக வேலை போய்விடும்!

அதே சமயம் புத்தலப்பட்டில் எனக்குப் பெண் பார்த்திருந்தார்கள். சரோஜா. பார்த்த அன்றே பிடித்துவிட்டது. அவள் அப்பா ஒரே பேச்சாகச் சொன்னார்: "பெர்மனன்ட் ஆர்டர காட்டு, பொண்ண கூட்டிக்கினு போ."

ஆர்டருக்கும் வழி இருந்தது. எங்கள் சர்வேயர் இரண்டு இடத்தில் சொல்லி வைத்திருந்தார். ஆந்திரா பக்கம் என்றால் அனந்தபூரில் அட்டெண்டர். மெட்ராஸ் பக்கம் என்றால் செங்கல்பட்டில் அதே வேலை. ஆடி முடிவதற்குள் பதில் சொல்ல வேண்டும்.

அனந்தபூரில் தண்ணீர் எப்படி, செங்கல்பட்டில் வாடகை எப்படி என்று எதிரில் வந்தவர்களை எல்லாம் விசாரித்துக்கொண்டு திரிந்தேன்...

அப்போதுதான் அந்தக் கல்.

ஒரு ஊர் ஓரத்து வேப்பமரத்தடியில், அடையாளத்துக்காக டெம்பரவரியாக நட்டது. அளவு தப்பு, தள்ளி நட வேண்டும் என்று ஒரு வாரம் கழித்துப் போனால்... கல்லுக்கு மஞ்சள், குங்குமம், வேப்பிலை மாலை. முன்னால் கூழ்ப்பானை!

"இது கவர்மென்ட்டு கல்லுமா" என்றேன்.

"இருக்கட்டுமே. எல்லையில கல்லு நட்டா சாமி வந்து குந்தாம இன்னா பண்ணும்?" என்றாள் கூழ் ஊற்றிய அம்மாள். "நீயும் ஒரு சொம்பு குடி நைனா."

சர்வேயர் "தீசேயண்டி!" என்று தெலுங்கில் கத்தினார். எடுக்கச் சொன்னால் யார் எடுப்பது? ஒருவனும் கடப்பாரையைத் தொடவில்லை. கடைசியில் அவரே செருப்பைக் கழற்றிவிட்டுக் கூழ் வாங்கிக் குடித்தார்.

என்னோடு சங்கிலி பிடித்த முனிரத்தினம் சொன்னான்: "நாம இன்னும் டெம்பரவரி. கல்லு பெர்மனன்ட் ஆயிடுச்சு பாரு!"

எல்லோரும் சிரித்தார்கள். என் மனது வேறு கணக்குப் போட்டது. இத்தனை பேரும் கற்பூரத்துக்குப் புத்தூர் வரை நடக்கிறார்களே...

புத்தலப்பட்டுக்குப் போனேன்.

"எந்த ஆபீஸு?" என்றார் சரோஜாவின் அப்பா.

"ஆபீஸ் இல்ல மாமா. அந்தக் கல்லாண்ட கடை போடப் போறேன். கற்பூரம், தேங்கா, வெல்லம்."

"கல்ல நம்பி பொண்ண குடுக்கறதா? நாளைக்கே புடுங்கிட்டாங்கன்னா?"

உள்ளேயிருந்து சரோஜாவின் குரல்: "கவர்மென்ட்டாலயே புடுங்க முடியல நைனா. வேற யாரு வந்து புடுங்கப் போறாங்க?"

அவர் மீசைக்குள் சிரித்தார். "தை வரிக்கும் பாக்கறேன். கடை நின்னா கல்யாணம்."

அந்தச் சம்மதமும் டெம்பரவரிதான்! தையில் கல்யாணம் நடந்தது.

மாநில எல்லை கடைசியில் எங்கோ தள்ளிப் போய்விட்டது. அந்தக் கல் இன்று எதற்கும் எல்லை இல்லை. வெள்ளிக்கிழமைக் கூட்டம் மட்டும் குறையவில்லை.

போன வாரம் பெங்களூரிலிருந்து பேரன் போன் செய்தான். கையில் இரண்டு ஆஃபர். "ஒண்ணு கான்ட்ராக்ட், ஒண்ணு பெர்மனன்ட் தாத்தா. ஆனா பெர்மனன்ட்னாலும் நோட்டீஸ் குடுத்து அனுப்பிடுவாங்க."

"அப்புறம் எதுக்கு அதுக்குப் பேரு பெர்மனன்ட்?" என்றேன். சரோஜா இருந்திருந்தால் உள்ளேயிருந்தே ஒரு பதில் வந்திருக்கும்...

ஆடி வருகிறது. வாளியில் சுண்ணாம்பு கரைத்து வைத்திருக்கிறேன். கல்லைச் சுற்றிய மேடைக்கு வெள்ளையடிப்பது இன்றும் நான்தான். அந்த டெம்பரவரி வேலை மட்டும் இன்னும் முடியவில்லை.