பெரியப்பாவின் சதுர அடைப்பு

எங்கள் பெரியப்பா மலாயாவில் மெர்போக் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தார். துரைக்கு ஆங்கிலத்தில் அறிக்கை எழுதும்போது, பிறர் எழுதியதை மேற்கோள் காட்டினால் அதிலுள்ள பிழையைத் தொடமாட்டார். பக்கத்தில் சதுர அடைப்பு போட்டு, 'உள்ளபடியே' என்று பொருள்படும் மூன்றெழுத்து லத்தீன் சொல்லை எழுதிவைப்பார். தப்பு அவனுடையது, என் கை சுத்தம் என்று அர்த்தம். ஜப்பான்காரன் வந்து துரை ஓடிப்போன பிறகும் இந்தப் பழக்கம் மட்டும் அவரை விட்டு ஓடவில்லை.

அப்பாவை சியாம் ரயில் பாதை வேலைக்குக் கொண்டுபோய் ஐந்து மாதம் கழித்து, திரும்பி வந்த ஒருவர் பெரியப்பாவிடம் ஒரு கடிதம் கொடுத்தார். அண்ணன் தம்பி இருவரும் எப்போதும் ஆங்கிலத்தில்தான் எழுதிக்கொள்வார்கள். யான் என்ற ஊரின் ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரஸராக இருந்த என் தாய்மாமாவுக்கு அதைக் காட்ட வேண்டும் என்றார் பெரியப்பா. அம்மாவுக்கு அதில் ஓர் எழுத்தும் படிக்கத் தெரியாது. ஆனாலும் தாளைக் கையைவிட்டுத் தரவில்லை. எதையும் எழுத்தில் காட்டினால்தான் பெரியப்பாவுக்குத் திருப்தி. ஆகவே நகல் எடுக்கும் வேலை, ஆங்கிலப் பள்ளியில் மூன்று வருடம் படித்த என் தலையில் விழுந்தது.

"உள்ளபடி எழுதும்மா. தப்பு இருந்தா அடைப்பு போடு," என்றார்.

தப்பு நிறைய இருந்தது. ஒரே வாக்கியம் மூன்று முறை வந்தது. எப்போதோ விற்றுவிட்ட பசுவுக்குப் புல் போடச் சொல்லியிருந்தார் அப்பா. என்னை விசாரித்த இடத்தில் 'என் தங்கை' என்றிருந்தது. அவருக்குத் தங்கையே கிடையாது. எனக்கு அழுகை வந்தது. என் அப்பாவை மாமா முன்னால் இப்படியா தலைகுனிய வைப்பது? பசுவை நீக்கினேன், தங்கையை மகளாக்கினேன், அடைப்பு ஒன்றுகூடப் போடாமல் முத்து முத்தாக எழுதிக் கொடுத்தேன்.

பெரியப்பா படித்தார். திட்டவில்லை. மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, அம்மா பக்கத்தில் உட்கார்ந்து தானே வேறொரு நகல் எழுதினார். எட்டிப் பார்த்தேன், ஒன்பது அடைப்புகள். உடனே சைக்கிளில் யானுக்குக் கிளம்பிவிட்டார். பெரியப்பா திரும்பி வந்ததும் அவரோடு நான் இரண்டு நாள் பேசவில்லை. மாமா கொடுத்தனுப்பிய மலேரியாக் காய்ச்சலுக்கான கொய்னா மாத்திரைகளை, அடுத்து சியாமுக்குப் போன ஒருவர் இடுப்பில் முடிந்து எடுத்துப்போனார்.

உலகச் சண்டை முடிந்து அப்பா எலும்பும் தோலுமாக வந்து சேர்ந்தார். பெரியப்பா என் நகலை அவரிடம் நீட்டினார்.

"பாருடா தம்பி, நீ காய்ச்சல்ல பிதற்றிக் கிடந்தப்பவே உன் மக உன்னைக் குணப்படுத்திட்டா!"

"கடுதாசி எழுதினதே ஞாபகம் இல்லண்ணே," என்ற அப்பா, அதைப் படித்துக் கண்ணில் நீர் வரச் சிரித்தார். அம்மா மட்டும் சிரிக்கவில்லை.

நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு தோட்டத்து லயத்து வீடுகள் முழுக்கச் சொல்லித் திரிந்தேன். என் நகல் யானுக்குப் போயிருந்தால், மாமா அதைப் படித்துவிட்டு, "ஆளு நல்லாத்தான் இருக்காரு லா," என்று மடித்து வைத்திருப்பார் என்பது அன்று எனக்கு உறைக்கவில்லை.