ஊரு சொல்லிச்சி

உலகமெங்கும் சிதறிக் கிடக்கும் கம்ப்யூட்டர்கள் ஒரே மெஷினாகச் சேர்ந்து மனிதரை மிஞ்சி யோசித்தால், அதற்கு 'நான்' என்ற உணர்வு இருக்குமா என்று பத்திரிகையில் கேட்டிருந்தார்கள். எனக்கு ஏரிக்கரையில் இருந்த எங்கள் குப்பம்தான் நினைவுக்கு வந்தது.

ஏரியில் யார், எந்த இடத்தில், என்றைக்கு வலை போடலாம் என்பதை எங்களூரில் முறை வைத்துப் பிரித்துக்கொள்வார்கள். அதற்குப் பாடு என்று பெயர். எழுபதுகளில் ஒருநாள் நைனா நாள் தவறி அடுத்தவர் பாட்டில் வலை போட்டுவிட்டார். ஊர் எங்களை ஒதுக்கி வைத்தது. அந்த மாதமே அம்மா செத்துப்போனாள். பாடை தூக்க நைனா, அண்ணன், நான், மூன்று பேர்தான் இருந்தோம். இன்னொரு தோளுக்காக வீடுவீடாகப் போய்க் கெஞ்சினேன்.

"நான் இன்னா பண்றது? ஊரு சொல்லிச்சி" என்று ஒவ்வொருவரும் அழுதார்கள். ஊர்த்தலைவரும் அதையேதான் சொன்னார். கடைசியில், பழவேற்காட்டிலிருந்து மீன் வாங்க வரும் பாய் வந்து தோள் கொடுத்தார்.

ஊருக்கு யோசிக்கத் தெரிந்தது, தண்டிக்கவும் தெரிந்தது. 'நான்தான் செய்தேன்' என்று சொல்ல மட்டும் அதற்குள் ஓர் ஆள் இல்லை. அந்த மெஷினுக்குள் மட்டும் எங்கிருந்து வரப்போகிறான்?

இதைக் கேட்க எனக்கு வாய் ஏது? எங்களைத் திரும்பச் சேர்த்துக்கொண்ட ஊர், எண்பதுகளில் வேறொரு வீட்டை ஒதுக்கியது. முடிவெடுத்த கூட்டத்தில் நானும் இருந்தேன். மறுவாரம் அந்த வீட்டுப் பெண் என் வாசலுக்கு வந்தாள்.

"புள்ளைக்கு ஜுரம்ணா. அக்கரைக்குப் போவணும், படகு குடு."

"ஊரு சொல்லிச்சி" என்றேன். நானும் அழுதேன்.